கரைப்பறவையைப் படம் பிடிப்பது எப்படி? (நான் கெடுத்த 303 படங்களிலிருந்து)

சுவர் இதழுக்கு ஒரு பாடக் கட்டுரை எழுதித் தருகிறாயா என்று அறிவியல் ஐயா கேட்டபோது, "ஒளிச்சிதறல் பற்றி எழுதவா ஐயா?" என்றேன். "அதுதான் புத்தகத்துலயே இருக்கே, நீ கடற்கரையில என்ன கத்துக்கிட்ட, அதை எழுது" என்றார். அதனால் இது புத்தகத்தைப் பார்த்து எழுதியது இல்லை. டிசம்பர் கடைசியில் இருந்து இன்றுவரை நான் மொத்தம் 312 படம் எடுத்திருக்கிறேன். அதில் உருப்படியானது ஒன்பது. அந்த ஒன்பதில் இரண்டைத்தான் வலது ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். கெட்டுப்போன படம் ஒன்றையும் வேண்டுமென்றே கீழே ஒட்டியிருக்கிறேன். அதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும்.

அந்தக் கெட்ட படத்தில் என்ன தெரிகிறது? பளபளவென்று வெள்ளித் தகடு மாதிரி தண்ணீர். நடுவில் கறுப்பாக ஒரு பறவை, நிழல் பொம்மை மாதிரி. அதன் காலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முழங்கால் போல மடங்குகிற இடத்துக்கு மேலே சின்னதாக ஒரு துருத்தல் தெரியும். அது சேறு இல்லை, பாசி இல்லை. அது கொடி! பறவையின் காலில் ஆராய்ச்சியாளர்கள் மாட்டிவிடுகிற பிளாஸ்டிக் கொடி. அதில் எழுத்து இருக்கும். கொடியின் நிறத்தை வைத்து எந்த ஊரில் மாட்டினார்கள் என்று சொல்லலாம், எழுத்தை வைத்து எந்தப் பறவை என்றே சொல்லலாம். என் படத்தில் எழுத்தும் இல்லை, நிறமும் இல்லை. எல்லாம் ஒரே கறுப்பு. அது எங்கிருந்து வந்ததோ, அந்த விஷயம் என் கையில் வந்து, என் கையாலேயே போய்விட்டது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் அம்மா சிரிப்பார்கள், ஆனால் உண்மை.

நம் கோடியக்கரை பற்றி உங்களுக்குத் தெரியும், மான் பார்க்க எல்லோரும் போயிருப்பீர்கள். 1967இல் சரணாலயம் ஆனது. 2002இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே வலை வைத்துப் பிடித்து, வளையம் மாட்டி, மறுபடி பறக்கவிட்டு வருகிறார்கள். பூநாரையைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். எனக்கு என்னவோ பூநாரையைவிட அதன் காலடியில் ஓடுகிற பொடிசுகளைத்தான் பிடிக்கும். கொசு உள்ளான் என்று ஒன்று இருக்கிறதே, அதன் எடை 20 முதல் 30 கிராம். ஒரு கோழிமுட்டையில் பாதி. அது முட்டையிடுவது வடதுருவத்துக்குப் பக்கத்தில், மரமே முளைக்காத பனிநிலத்தில். குளிர்காலத்தைக் கழிக்க நம் ஊர்ச் சேற்றுக்கு வருகிறது. கீழ்நோக்கி வளைந்த மூக்குள்ள இன்னொரு உள்ளானும் (கர்லூ சாண்ட்பைப்பர்) அப்படித்தான், சைபீரியாவின் வடகோடியில் இருந்து வருகிறது.

இனி வெளிச்சத்துக்கு வருகிறேன்.

கேமரா என்னுடையது இல்லை. மாமா ஸ்டூடியோ வைத்திருக்கிறார், அவருடைய பழைய டிஎஸ்எல்ஆர், 70-300 லென்ஸ். முகூர்த்தம் இல்லாத நாளில் மட்டும் தருவார். கெட்ட படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு அவரிடம் காட்டினேன். நிழலைத் தூக்கிப் பார்த்தார். கறுப்பு சாம்பல் ஆனது, சாம்பல் முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்தது, எழுத்து வரவில்லை.

"ஏம்மா, மண்டபத்து வாசல்ல வெயில் அடிக்கும்போது மாப்பிள்ளைய அந்த வாசல்ல நிக்க வச்சு உள்ள இருந்து எடுத்தா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"மூஞ்சி கறுப்பா வரும் மாமா."

"ஏன்?"

எனக்குத் தெரியவில்லை. அப்புறம் அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். கேமராவுக்கு மாப்பிள்ளையும் தெரியாது, உள்ளானும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. எதிரே உள்ள எல்லா வெளிச்சத்தையும் கூட்டிப் பார்த்து, சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் வருகிற மாதிரி படத்தை எடுத்துவிடும். கடற்கரையில் முக்கால்வாசி சட்டம் மினுக்குகிற தண்ணீர். அதைச் சாம்பலாக்க வேண்டும் என்று கேமரா வெளிச்சத்தைக் குறைக்கிறது. குறைத்தால் தண்ணீர் அடங்கும், பாவம் நடுவில் நிற்கிற பறவை கரியாகும்.

இதே காரணத்தால்தான் வெள்ளை வேட்டி சட்டையில் பத்துப் பேர் வரிசையாக நின்றால் படம் அழுக்காக வருகிறது என்றார் மாமா. கேமரா வெள்ளையையும் சாம்பலாக்கப் பார்க்கும். அதே மாதிரி கறுப்புத் திரைக்கு முன்னால் மணப்பெண் தனியாக நின்றால் முகம் வெளுத்துப் போகும். கேமரா திரையைச் சாம்பலாக்கப் போய் முகத்தைத் தொலைத்துவிடும். நான் உடனே நினைத்துக்கொண்டது: இருண்ட சேற்றுத் தண்ணீரில் நிற்கிற வெள்ளைக் கொக்கு! நான் எடுத்த கொக்குகள் எல்லாம் இறகே இல்லாமல் சுண்ணாம்பு பூசியது மாதிரி இருந்ததற்கு இதுதான் காரணம்.

மருந்து ஒன்றுதான். கேமராவில் கூட்டல் கழித்தல் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. எதிர்வெயிலில் பறவை நின்றால் கூட்டலில் ஒன்றோ ஒன்றரையோ இரண்டோ வைக்க வேண்டும். ஒன்று கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, இரண்டு கூட்டினால் நான்கு மடங்கு. தண்ணீர் வெள்ளையாக வெளுத்துப் போகும், போகட்டும், நமக்கு வேண்டியது பறவை. இருண்ட பின்னணியில் வெள்ளைப் பறவை நின்றால் கழித்தலில் அரையோ முக்காலோ. வெள்ளை இறகில் ஒரு தடவை வெளுத்துப்போன இடத்தைப் பிறகு எந்தக் கம்ப்யூட்டராலும் மீட்க முடியாது. நிழலில் கொஞ்சம் ஒளிந்திருப்பதையாவது தோண்டி எடுக்கலாம், அதுவும் 'ரா' என்கிற முறையில் எடுத்திருந்தால். நான் ஜேபெக்கில் எடுத்திருந்தேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் பறவை மேல் விரலை வைத்தால் பெரும்பாலான போன்களில் பக்கத்தில் ஒரு குட்டிச் சூரியன் வரும். அதை மேலே தள்ளினால் கூட்டல், கீழே தள்ளினால் கழித்தல். பொத்தான் வேறு, வேலை ஒன்றுதான். போனில் உள்ளான் எறும்பு அளவுதான் வரும் என்பது தனி விஷயம். பூநாரைக்கும் கூழைக்கடாவுக்கும் போதும்.

இப்படிக் கற்றுக்கொண்டு அடுத்த ஞாயிறு போனேன். கூட்டலில் இரண்டு வைத்தேன். படம் வந்தது. ஆனால் திருப்தியாக இல்லை. நிறமெல்லாம் பால் ஊற்றினது மாதிரி வெளிறிக் கிடந்தது. எதிர்வெயிலில் பறவையின் நமக்குத் தெரிகிற பக்கம் நிழல்பக்கம்தானே? நிழலை எவ்வளவு தூக்கினாலும் அது வெயில் பட்ட பக்கம் ஆகிவிடாது. ஆகவே, நான் கொஞ்சம் சுற்றிப் போய் அந்தப் பக்கத்தில் இருந்து எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். முழங்கால் தண்ணீரில் இறங்கி, மணல்திட்டைச் சுற்றி, சூரியன் என் முதுகுக்கு வரும்வரை நடந்தேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, மொத்தக் கூட்டமும் கிளம்பியது. இருநூறு இருக்கும். ஒரே சமயத்தில் திரும்பி, வெள்ளையாக மின்னி, மறுபடி திரும்பிக் கறுத்து, போயே போய்விட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு தாத்தா சத்தம் போட்டார். "ஏம் புள்ள! அதுவ திங்க வந்துருக்குதுவ. நீ வெரட்டிக்கிட்டே இருந்தா எப்பத் திங்கும்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் சொன்னதில் எவ்வளவு உயிரியல் இருக்கிறது என்று பிறகுதான் யோசித்தேன். இந்தப் பறவைகள் மாசி, பங்குனி, சித்திரைக்குள் திரும்பிப் பறக்க வேண்டும். வழியில் கடைகண்ணி கிடையாது. இங்கே சேற்றில் கொத்தித் தின்கிற புழுவும் பூச்சியும்தான் உடம்பில் கொழுப்பாகச் சேர்ந்து, பறக்கிறபோது எரிகிறது. நான் ஒரு தடவை எழுப்பிவிட்டால், தின்கிற நேரமும் போகிறது, சேர்த்த கொழுப்பும் கொஞ்சம் கரைகிறது. எனக்கு முன்னால் நாய் துரத்தியிருக்கும், எனக்குப் பின்னால் வேறு யாராவது. வெளிச்சம் சரியில்லை என்பது என் பிரச்சினை. அதற்குப் பறவை ஏன் பறக்க வேண்டும்?

அப்படியென்றால் பறவையை நகர்த்தாமல், நானும் அதைச் சுற்றி ஓடாமல், வெயிலை முதுகுக்குக் கொண்டுவருவது எப்படி? விடை அப்பாவிடம் இருந்து வந்தது. அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். கேமரா பற்றி ஒன்றும் தெரியாது. "காலையில பாத்திப் பக்கம் வா, கண்ணு கூசாது. சாயந்திரம் வேணா கடலுக்குப் போ" என்றார், அவ்வளவுதான். நான் நோட்டில் படம் போட்டுப் பார்த்தேன் (இடது ஓரத்தில் பென்சிலால் வரைந்திருப்பது அதுதான், அளவெல்லாம் சரியாக இருக்காது).

நம் கரை மற்ற ஊர்க் கரை மாதிரி நேர்க்கோடு இல்லை. வடக்கிலிருந்து தெற்காக வந்து, கோடியக்கரையில் முழங்கை மடங்குகிற மாதிரி மேற்கே திரும்புகிறது. கிழக்குப் பக்கம் வங்கக்கடல், தெற்குப் பக்கம் பாக் நீரிணை. உள்ளே, மேற்கில் சதுப்பும் உப்பளமும். காலையில் சூரியன் கடலில் உதிக்கிறது. அப்போது கிழக்குக் கரையில் நின்றால் அலை ஓரத்தில் இருக்கிற பறவை எனக்கும் சூரியனுக்கும் நடுவில், எப்போதும் எதிர்வெயில்! நான் மூன்று வாரம் இந்த முட்டாள்தனத்தைத்தான் செய்திருக்கிறேன். தெற்குக் கரைக்குப் போனால் பக்கவாட்டு வெளிச்சம் கிடைக்கும் என்று நினைக்கலாம். ஆனால் மார்கழி தையில் சூரியன் நேர்க் கிழக்கில் உதிப்பதில்லை, தென்கிழக்கில் உதித்து, தெற்குப் பக்கமாகவே சாய்ந்து போகிறது. அதனால் தெற்கே பார்த்து நின்றால் நாள் முழுக்கக் கண்ணில் அடிக்கும். ஆக, காலையில் வரப்பில் நின்று மேற்கே சதுப்பைப் பார்க்க வேண்டும், சூரியன் முதுகில். மாலையில் கிழக்குக் கடற்கரைக்குப் போய்க் கடலைப் பார்க்க வேண்டும், அப்போதும் சூரியன் முதுகில். அப்பா ஒரே வரியில் சொன்னதை நான் ஒரு பக்கம் எழுதிவிட்டேன்.

சோதித்துப் பார்க்க எளிய வழி: உங்கள் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். நிழலின் தலை பறவை இருக்கிற திசையைக் காட்டினால் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். ஆனால் நிழல் பறவை மேல் விழுகிற அளவுக்குக் கிட்டே போகக் கூடாது, நிழல் அசைந்தாலே பறந்துவிடும்.

மாலைக் கடற்கரையில் ஒரு சிக்கல். சூரியன் காட்டுக்குப் பின்னால் இறங்குகிறது. காலண்டரில் சூரிய அஸ்தமனம் ஆறு மணி என்று போட்டிருந்தாலும், மரநிழல் மணலில் நீண்டு அதற்கு முன்பே வெளிச்சம் போய்விடுகிறது. நாலரைக்கு அங்கே உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நடந்து கொண்டிருந்தால் அது விலகிப் போகும், உட்கார்ந்திருந்தால் அதுவே வரும். ஒரு நாள் கல்லை உருட்டித் தின்கிற உள்ளான் ஒன்று என் செருப்புக்குப் பத்தடி தூரத்தில் கருவாட்டுத் துண்டை இழுத்துக்கொண்டிருந்தது. லென்ஸால் அவ்வளவு பெரிதாகப் பார்த்தபோது கையே நடுங்கிவிட்டது, அந்தப் படமும் ஆட்டம்தான்.

சாயங்கால வெளிச்சம் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்பது பத்தாம் வகுப்பு ஒளியியலில் இருக்கிற ராலே சிதறல். சூரியன் தாழ இருக்கும்போது ஒளி காற்றுக்குள் நீண்ட தூரம் வர வேண்டும். வழியில் நீலம் அதிகமாகச் சிதறிவிடும், மஞ்சளும் சிவப்பும் வந்து சேரும். படத்துக்கு அழகு. ஆனால் பறவை இனத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் எச்சரிக்கை! கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. அதே அளவில் டெமிங்க் உள்ளான் என்று இன்னொன்று வரும், அதற்குக் கால் மஞ்சள் கலந்த பச்சை. மாலை வெயிலில் எல்லாக் காலும் கொஞ்சம் பழுப்பாகத்தான் தெரியும். நான் ஒரு படத்தின் பின்னால் 'டெமிங்க்' என்று பெருமையாக எழுதிவைத்து, பிறகு ஐயா காட்டியபின் அடித்தேன். மேகமூட்டமான நாளில் நிறம் சரியாக வரும், நிழலே இருக்காது. எல்லோரும் மழைமேகம் வந்தால் கேமராவை மூடிவிடுகிறார்கள். எனக்கு இப்போது மூட்டமான நாள்தான் பிடிக்கிறது. வெளிச்சம் குறைவு என்பதால் ஐஎஸ்ஓவை 800, 1600 என்று ஏற்ற வேண்டியிருக்கும், படத்தில் கொஞ்சம் பொரிபொரியாக வரும், பரவாயில்லை.

வேகம் பற்றிக் கேட்டவர்களுக்கு: உள்ளான் தையல் மிஷின் ஊசி மாதிரி கொத்தும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேகம் வேண்டும். பறக்கிறது என்றால் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குக் கீழே போனால் தலை இருக்கிற இடத்தில் ஒரு மேகம்தான் இருக்கும்.

ஒன்பதரை மணிக்கு மேல் வீட்டுக்கு வந்துவிடலாம். காய்ந்த மணல் சூடானதும் அதன் மேலே உள்ள காற்றும் சூடாகி அலையும். ரோட்டில் கானல் நீர் தெரிகிறதே, அதே ஒளிவிலகல்தான். லென்ஸ் எவ்வளவு விலை என்றாலும் அந்த அலையும் காற்று வழியாகத்தான் பார்க்க வேண்டும். பறவை கண்ணுக்கு நன்றாகத் தெரியும், படத்தில் மட்டும் உருகின மெழுகு. கேமரா கெட்டுவிட்டது என்று பயந்து மாமாவிடம் ஓடினேன் ஒரு தடவை. மணலில் படுத்து எடுத்தால் படம் அழகு, பறவையின் கண்மட்டத்துக்கு வந்துவிடுவோம். ஆனால் அந்தச் சூட்டலை தரையை ஒட்டித்தான் அதிகம். ஆகவே படுப்பது எல்லாம் விடிகாலையில் மட்டும், ஈர மணலில். சட்டையை அம்மாவுக்குத் தெரியாமல் அலசிவிடவும்.

இன்னும் ஒன்று. மாமா ஸ்டூடியோவில் ஏ.சி. உண்டு. அங்கிருந்து எடுத்துக்கொண்டு நேரே கடற்கரையில் மூடியைத் திறந்தால் கண்ணாடி முழுக்கப் பனி பூத்துவிடும், சட்டையால் துடைத்தால் மணல் கீறும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வைத்திருந்து பிறகு திறக்க வேண்டும். வாடைக்காற்று அடிக்கும்போது உப்புச்சாரல் கண்ணுக்குத் தெரியாமலே வந்து ஒட்டும். பால் பாக்கெட் கவரை ஓட்டை போட்டு லென்ஸுக்குச் சட்டை மாதிரி மாட்டுகிறேன். லென்ஸைக் கடற்கரையில் கழற்றவே கூடாது என்பது மாமாவின் கட்டளை.

சரணாலயத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் எடுத்ததெல்லாம் வெளியே, உப்பள வரப்பிலும் படகு ஏற்றுகிற கரையிலும்தான்.

அந்தக் கொடி என்ன ஆயிற்று என்று என் வகுப்பில் தினமும் கேட்கிறார்கள். அதே இடத்தில் ஆறு தடவை தேடினேன், இல்லை. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, சாயந்திரம் ஐந்து மணி, சூரியன் முதுகில், நான் மணலில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். மணல் உப்புக்கொத்தி கூட்டம் ஒன்று ஓடி ஓடி நின்று கொத்திக்கொண்டே வந்தது. அதில் ஒன்றின் காலில் கொடி! அதே பறவையா, வேறா, தெரியாது. இரண்டு எழுத்து இருக்கிற மாதிரி இருந்தது. பதினொரு படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் வெளிச்சம் சரி, கூர்மையும் சரி. முதல் எழுத்து பளிச்சென்று தெரிகிறது. இரண்டாவது எழுத்தின் மேல் சேறு அப்பியிருக்கிறது.

ஐயா அந்தப் பதினொன்றையும், தேதி, நேரம், இடம் எழுதி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பியிருக்கிறார். நிறம் தெரிந்தாலே பாதி விவரம் சொல்வார்கள் என்கிறார். பதில் வந்ததும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.

அதற்குள் அந்தப் பறவை இன்னும் இங்கேயே இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும், சித்திரைக்குப் பிறகு இருக்காது. வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் படகுத்துறைப் பக்கம் போகிறேன். கண் நன்றாகத் தெரிகிறவர்கள், பேசாமல் ஒரு மணி நேரம் உட்காரத் தெரிந்தவர்கள் நாலு பேர் வந்தால் போதும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். நாயைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி